ஒப்பீட்டுக் குழு, எண் 41

வாலிநோக்கத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.
நண்டுக்குப் போடுகிற ஐஸையே
ரத்தக் குழாய்களுக்கும் கேட்டு வாங்கினேன்.
"எத்தன கிலோக்கா?" என்றான் ஐஸ்காரர் மகன்.
"எண்பத்திரண்டு பேர்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
இன்னொரு மண்வெட்டி அள்ளிப் போட்டான்.

வினாத்தாள் பதினோரு பக்கம்.
காலையில் எழுந்தபின் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகும்?
பாசி எடுக்கும் பூமயிலிடம் கடிகாரம் இல்லை.
"ரெண்டாவது பஸ்ஸு ஹாரன் அடிக்கிறப்பத்தான்
வாளியப் புடிக்க முடியும்."
அவள் எழுவது முதல் பஸ்ஸுக்கு, ஆறு மணி.
இரண்டாவது ஏழே முக்கால்.
நூற்றைந்து என்று எழுதினேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு உட்கொள்கிறீர்கள்?
இதை உப்பளத்தின் வரப்பில் நின்று கேட்டேன்.
அந்தோணிப்பிச்சை
வெடித்த குதிகாலைப் பார்த்தார், பிறகு என்னை.
"நான் திங்கிறதா,
என்னயத் திங்கிறதா?"
தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது.

காரணம் என நீங்கள் கருதுவது?
மரபு, புகை, ஈறுநோய், கிருமி, மணல்தூசி
ஒவ்வொன்றுக்கும் கட்டம் வரைந்திருந்தார்
மதுரையில் இருக்கும் டாக்டர் வைரவநாதன்.
இங்கே சொன்னதெல்லாம் 'பிற'வுக்குள் போனது.
பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் கடலில் இறங்கியது.
வள்ளம் திரும்பாத ராத்திரி முழுக்க
ஈரமணலில் உட்கார்ந்திருந்தது.
நாத்தனாருக்குத் திருப்பிக் கொடுக்காத வளையல்.
இடம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதினேன்.
ஜொகரா மட்டும்
"வந்துச்சு. எதுக்குன்னு நீங்கதான சொல்லணும்" என்றாள்.

காவலுக்கு உள்ளது
நம்மையே பிடித்து அடிக்கிறது என்று
பூமயிலுக்கு விளக்கப் பார்த்தேன்.
"தீவுக்குக் காவல் போட்டவுக
எங்க பாசிச் சாக்கப் புடுங்குனாகளே, அப்படியா?"
அப்படித்தான், என்றேன்.
"அவுகளுக்காச்சும் மேல ஒரு ஆபீசர் இருந்தாரு."

நோயாளிகள் நாற்பத்தொருவர்.
ஒப்பிட, வலியே இல்லாதவர்களும் நாற்பத்தொருவர் வேண்டும்.
நாற்பதோடு நின்றது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐஸ் பாதி உருகியாயிற்று.
பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து
என் கையிலேயே ரப்பர் பட்டையைக் கட்டினேன், பல்லால் இழுத்து.
பெண். முப்பத்தாறு. மூட்டுவலி: இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்த தாளில்
பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்.
41க்கு நேரே கூட்டல் குறி.
"ரொம்ப சுவாரசியமான ஆள்" என்றார் டாக்டர்,
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி.
"வலிக்குப் பல வருஷம் முன்னாடியே
ரத்தத்துல வந்து உக்காந்துடும், சிலருக்கு.
சிலருக்கு வலி வராமயே போகும்.
எதனாலங்கிறது தெரிஞ்சா
நாம ஏன் இப்படி அலையப்போறோம்?
யாருன்னு பாத்து பக்குவமா சொல்லிடுங்க.
ஆறு மாசத்துக்கு ஒருதடவை வரச் சொல்லுங்க."
சரி சார், என்றேன்.
பெயர்ப் பட்டியல் என் பையில் இருந்தது.

சாயல்குடி பஸ்ஸில்
பதினோரு பக்கத்தையும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.
அப்பாவின் பீடி. ஹாஸ்டலில் ஒரு மாதம் விடாத காய்ச்சல்.
பேசாமல் விட்ட ஒருவன்.
கடைசிக் கேள்வியில் பேனா
'பிற'வுக்கு மேலே நின்றது,
பஸ் குலுங்கி ஒரு புள்ளி விழுந்தது.
அதை எதில் சேர்ப்பது?

இப்போதெல்லாம் விழித்ததும்
போர்வைக்குள்ளேயே விரல்களை மடக்கிப் பார்க்கிறேன்.
சுண்டுவிரலிலிருந்து.
மடங்குகின்றன.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.
பூமயிலிடம் சொன்னேன்.
காயப்போட்ட பாசியைக்
காலால் புரட்டிக்கொண்டே கேட்டிருந்தாள்.
வெகுநேரம் கழித்து,
"வீடு பாத்தா
ஹாரன் கேக்குற தெருவா பாரு" என்றாள்.